காகம், நரி, ஆமை: விலங்குக் கதைத் தபாலட்டை சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

தபாலட்டை சேர்க்கப் போகிறேன் என்று சொன்னால் மட்டக்களப்பில் பலரும் உடனே கேட்பது, "கல்லடிப் பாலமா, கோட்டையா?" என்றுதான். ஊர்ப் படங்களில் ஆசை இருப்பது இயல்பு. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது விலங்குக் கதைகளை வரைந்த அட்டைகளைத்தான். சின்னக் காசோடு தொடங்கலாம். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் பிரெஞ்சோ ரஷ்யனோ வாசிக்கத் தெரியாவிட்டாலும் படம் புரியும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பஞ்சதந்திரக் கதை படித்தவர், அரபு மத்ரசாவில் 'கலீலா வ திம்னா' கேள்விப்பட்டவர், விகாரைச் சுவரில் புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதை ஓவியம் பார்த்து வளர்ந்தவர் எல்லாரும் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். பஞ்சதந்திரம்தான் பாரசீகம் வழியாகப் போய், 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா கையில் அரபு நூலானது. கரடகன், தமனகன் என்ற நம்முடைய இரண்டு நரிகளே அங்கே கலீலாவும் திம்னாவும். ஆகவே உங்கள் சேகரிப்புக்குக் கதை சொல்லித் தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அம்மம்மாவையும் பக்கத்து வீட்டு உம்மம்மாவையும் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் ஒரு கதையைப் பிடியுங்கள்

இணையத்தில் போய் விலங்குக் கதை அட்டை என்று பொதுவாகத் தேடினால் வந்து கொட்டும். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் கையிலுள்ள காசு கரைந்துவிடும். ஒரே ஒரு கதையைத் தெரிவு செய்யுங்கள். அந்தக் கதையை ஒவ்வொரு நாட்டு ஓவியரும் எப்படி வரைந்திருக்கிறார் என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டு போங்கள். அப்படிச் சேர்த்த பத்து அட்டையை மேசையில் பரப்பினால், வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

காகமும் நரியும் நல்ல தொடக்கம். நமக்கு அது பாட்டி சுட்ட வடை. பிரான்சில் லா ஃபொன்டேன் (1621–1695) 1668இல் வெளியிட்ட முதல் தொகுதியில் இது இரண்டாவது கதை. அங்கே காகத்தின் வாயில் இருப்பது சீஸ். ரஷ்யாவில் கிரிலோவ் (1769–1844) எழுதியதிலும் சீஸ்தான். ஜாதகக் கதைகளில் 294ஆவதில் காகம் மரத்திலிருந்து தின்பது நாவற்பழம். அதன் குரலைப் புகழ்ந்து பழம் கேட்கிறது நரி. அட்டையைக் கையில் எடுத்ததும் காகத்தின் அலகைப் பாருங்கள். எந்த மரபில் நின்று வரைந்த படம் என்பதை அங்கேயே பிடித்துவிடலாம். அப்புறம் நரியைப் பாருங்கள். சில ஓவியர்கள் அதற்குக் கோட்டும் தொப்பியும் போட்டுவிடுவார்கள், சிலர் காட்டு நரியாகவே விடுவார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வகை. உடுப்பில்லாத நரியின் முகத்தில் தந்திரத்தைக் கொண்டுவருவது கடினமான வேலை.

இன்னும் வளமானது ஆமையின் கதை. இரண்டு பறவைகள் ஒரு குச்சியைப் பிடித்துக்கொள்ள, நடுவில் வாயால் கவ்விப் பறந்த ஆமை பேச வாயைத் திறந்து விழுந்த கதை. ஜாதகக் கதைகளில் இது 215ஆவது. பஞ்சதந்திரத்தில் பறவைகள் அன்னங்கள். லா ஃபொன்டேனின் பத்தாவது புத்தகத்தில் அவை வாத்துகள். 1678இல் வந்த தன் இரண்டாவது தொகுதியின் முன்னுரையில், இந்தக் கதைகளில் பெரும்பகுதிக்குப் பில்பை என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். இந்திய அஞ்சல் துறை 2001இல் பஞ்சதந்திரக் கதைகளுக்கு முத்திரை வெளியிட்டபோது இந்த ஆமைக்கும் இடம் கொடுத்தது. அட்டைகளை ஒப்பிடும்போது ஓவியர் எந்தக் கணத்தை எடுத்திருக்கிறார் என்று கவனியுங்கள். பறக்கும்போதா, வாய் திறக்கும்போதா, விழுந்த பிறகா? கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற சனங்களின் உடுப்பையும் பாருங்கள். அது ஓவியரின் ஊர் உடுப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

குரங்கும் முதலையும் கதையில் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. முதலைக்குடா என்று ஊர்ப்பெயர் வைத்திருக்கிற வாவிக்கரை ஆட்களுக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா! ஆனால் ஈசாப்பிலும் லா ஃபொன்டேனிலும் அந்தக் கதை இல்லை. ஐரோப்பிய அட்டைகளில் தேடி மினக்கெட வேண்டாம், இந்தியப் பக்கம் தேடுங்கள்.

ஓவியர் பெயரைப் பிடித்துத் தேடுவதும் நல்ல வழி. பிரான்சின் பெஞ்சமின் ரபியே (1864–1939) விலங்குகளைச் சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரர். சீஸ் பெட்டியில் சிரிக்கிற சிவப்பு மாட்டின் படமும் அவர் வரைந்ததுதான். கூஸ்தாவ் டொரே 1860களில் லா ஃபொன்டேனுக்கு வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பிற்காலத்தில் பல இடங்களில் மறுபடி அச்சானவை. சோவியத் பக்கம் யெவ்கேனி ராச்செவ் (1906–1997) என்ற பெயரை ஞாபகம் வையுங்கள். விலங்குகளுக்கு நாட்டுப்புற உடுப்புப் போட்டு, ஊர் மனிதரின் நடையையே அவற்றுக்குக் கொடுத்துவிடுவார். குரங்கு, கழுதை, ஆடு, கரடி நான்கும் வாத்தியங்களோடு உட்கார்ந்திருக்கும் படத்தைக் கண்டால் அது கிரிலோவின் கதை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தமிழ்நாட்டுக்கு வைத்தியத்துக்கோ கோயிலுக்கோ போகிறவர்கள் வீட்டில் இருந்தால் மாமல்லபுரத்து அட்டை வாங்கி வரச் சொல்லுங்கள். அருச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பெரிய பாறைச் சிற்பத்தில், தவசி போல நிற்கும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும் உண்டு. 7ஆம் நூற்றாண்டில் கல்லில் செதுக்கிய விலங்குக் கதை அது. முழுப் பாறையும் தெரிகிற அட்டை வேண்டாம், பூனை மட்டும் பெரிதாகத் தெரிகிற அட்டையைக் கேளுங்கள்.

அட்டையைத் திருப்புங்கள்

புதியவர்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் வயதைச் சொல்வது பின்பக்கம். உலகின் முதல் தபாலட்டை 1869 ஒக்டோபர் 1ஆம் திகதி ஆஸ்திரியா–ஹங்கேரியில் வந்தது. அதில் படமே இல்லை. படம் வந்த பிறகும் பல காலம் ஒரு பக்கத்தில் விலாசம் மட்டும்தான் எழுதலாம்; செய்தியைப் படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். பின்பக்கத்தை நடுவில் ஒரு கோட்டால் பிரித்து, இடது பக்கம் செய்தி, வலது பக்கம் விலாசம் என்று எழுத பிரித்தானியா 1902இலும் பிரான்ஸ் 1904இலும் ஜேர்மனி 1905இலும் அமெரிக்கா 1907இலும் அனுமதித்தன. இந்த நான்கு ஆண்டுகளையும் ஒரு துண்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு இல்லாத பிரெஞ்சு அட்டை என்றால் அது 1904க்கு முந்தியதாக இருக்க நல்ல வாய்ப்பு.

என்னிடமுள்ள ஒரு பிரெஞ்சு அட்டையைச் சொல்கிறேன். முன்பக்கத்தில் கிளையில் காகம், வாயில் வட்டச் சீஸ், கீழே ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நரி. படத்துக்கு அடியில் செய்யுளின் இரண்டு வரி. முத்திரையும் முன்பக்கத்திலேயே, வானத்தின் மூலையில் ஒட்டியிருக்கிறது; படப் பக்கத்தில் முத்திரை ஒட்டுவது அக்காலத்துப் பிரெஞ்சுக்காரரின் வழக்கம். விதை தூவுகிற பெண்ணின் உருவம் போட்ட பச்சை நிற 5 சதீம் முத்திரை. பின்பக்கம் நடுக்கோடு இருக்கிறது, ஆனால் செய்திப் பகுதியில் ஊதா மையில் நாலே நாலு சொல். காரணம் கட்டணம்தான். வாழ்த்து ஐந்து சொல்லைத் தாண்டாவிட்டால் 5 சதீம், தாண்டினால் 10. ஒரு சொல்லை எண்ணி எண்ணி எழுதிய கையைப் பார்க்கும்போது, நரி காகத்திடம் பேசுகிற பேச்செல்லாம் இன்னும் நீளமாகத் தெரிகிறது. இப்படிப்பட்ட அட்டை, எழுதாத புத்தம்புது அட்டையைவிட எனக்குப் பெரிது. ஆகவே எழுதியிருக்கிறது என்பதற்காக ஓர் அட்டையை ஒதுக்காதீர்கள்.

சோவியத் அட்டைகளில் வேலை இன்னும் சுலபம். பின்பக்கத்து அடியில் பொடி எழுத்தில் ஓவியர் பெயர், ஆண்டு, எத்தனை பிரதி அடித்தார்கள், எத்தனை கோபெக் விலை என்பதெல்லாம் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். அவை பலவும் ஒரு கடதாசி உறைக்குள் தொகுதியாக வந்தவை. விற்பவரிடம் உறையும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எது தபாலட்டை, எது இல்லை

லா ஃபொன்டேன் கதைப் படம் போட்ட பழைய அட்டை எல்லாமே தபாலட்டை இல்லை. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பிரெஞ்சுக் கடைகளும், இறைச்சிச் சாறு விற்ற லீபிக் கம்பனியும் சாமானோடு இலவசமாகக் கொடுத்த வண்ண அட்டைகள் ஏராளம். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அளவு சிறிது, பின்பக்கத்தில் விளம்பரம் இருக்கும், விலாசம் எழுத இடம் இருக்காது. விருப்பமென்றால் வாங்குங்கள், தனியாக வையுங்கள். பழைய தபாலட்டையின் அளவு ஏறக்குறைய 9க்கு 14 சென்ரிமீற்றர். பிற்கால அட்டைகள் 10.5க்கு 14.8. இதைவிடச் சற்றுக் குறைந்து, ஓரம் ஒரு பக்கம் மட்டும் கூர்மையாக இருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

மறுபதிப்பைக் கண்டுபிடிக்க இரண்டு சாமான் போதும். ஒன்று, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறிய பூதக்கண்ணாடி. கல்லச்சில் அடித்த பழைய வண்ண அட்டையில் நிறப்புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தூவியது போலத் தெரியும். இன்றைய அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூ வடிவத்தில் வரிசை கட்டி நிற்கும். மற்றது, கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கிற ஊதா லைட். இருட்டில் அட்டைமேல் பிடியுங்கள். தாள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அந்தத் தாளில் வெளுப்பூட்டும் இரசாயனம் இருக்கிறது; அது 1950களிலிருந்துதான் தாள்களில் பரவலானது. 1905 என்று சொல்லி விற்கிற அட்டை அப்படி ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். ஒளிராவிட்டால் மட்டும் பழையது என்று முடிவு கட்டவும் கூடாது, மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கே தேடுவது

ஊரில் பழைய கடதாசி கிடைப்பது கஷ்டம். 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 கடற்கோளும் பெட்டி பெட்டியாகக் கொண்டு போய்விட்டன. இடப்பெயர்வில் விட்டுவிட்டு வந்தவை வேறு. இருந்தாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், முன்பு வெளிநாட்டுப் பேனா நண்பர் வைத்திருந்தவர்கள், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் வீட்டு லாச்சிகளில் இன்னும் இருக்கும். மரியாதையாகக் கேளுங்கள். கொடுக்க மனமில்லாவிட்டால் படம் மட்டும் எடுக்க அனுமதி கேளுங்கள். அந்த வீட்டுக் கதையையும் எழுதி வையுங்கள்.

கொழும்புக்குப் போனால் மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் ஒரு காலைப்பொழுதைக் கழியுங்கள். புத்தகத்துக்குள் பக்க அடையாளமாக வைத்த அட்டைகள்கூட அகப்படும்.

நம்முடைய பெரிய பலம் வெளிநாட்டுச் சொந்தங்கள். பாரிஸில் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிற சித்தப்பாவிடம், செய்ன் ஆற்றங்கரையிலுள்ள பச்சைப் பெட்டிப் புத்தகக் கடைகளையும் பசாஜ் தே பனோரமா என்ற பழைய கூரைச் சந்தையையும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் முத்திரையும் தபாலட்டையும் விற்கிறவர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். சுவிஸில் இருப்பவர்களுக்குப் புரொக்கன்ஹவுஸ் என்ற பழஞ்சாமான் கடைகள் நன்றாகவே தெரியும். கேட்கும்போது "பழைய போஸ்ட்கார்ட் ஏதாவது" என்று கேட்காதீர்கள், ஈபிள் கோபுரம்தான் வரும். கதையின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "இந்த ஆமை, இந்த இரண்டு பறவை" என்று காட்டுங்கள்.

இணையத்தில் ஈபேயும் டெல்காம்பும் பயன்படும். பிரெஞ்சு அட்டைகளுக்கு டெல்காம்ப் நல்லது. கதையின் தலைப்பை அந்தந்த மொழியில் தேடினால்தான் நல்லவை வரும். பின்பக்கப் படம் போடாத அட்டைக்குக் காசு கட்டாதீர்கள், கேட்டு வாங்குங்கள். மூலை மடிப்பு, நடு மடிப்பு, கறை, ஊசித் துளை எல்லாம் விலையைக் குறைக்க வேண்டியவை. ஒரே விற்பனையாளரிடம் நாலைந்து அட்டையாகச் சேர்த்து எடுத்தால் தபாற்செலவு பங்காகும். இரண்டு கனத்த மட்டைகளுக்கு நடுவில் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள்.

முத்திரை ஆசையும் இருந்தால், ஒரே கதைக்கு அட்டை, முத்திரை, தபால் முத்திரைக்குறி மூன்றும் பொருந்தும்படி படப் பக்கத்தில் முத்திரை ஒட்டிக் குத்திய அட்டைகளைத் தேடலாம். சேகரிப்போர் மெக்ஸிமம் கார்ட் என்று சொல்வது இதைத்தான். இலங்கைத் தபால் திணைக்களத்தின் வெசாக் முத்திரைகளில் விகாரைச் சுவரோவிய ஜாதகக் கதைகள் பல முறை வந்திருக்கின்றன. கொழும்பிலுள்ள முத்திரைப் பணியகத்தில் விசாரியுங்கள்.

நம்முடைய ஈரக் காற்றில் காப்பாற்றுவது

இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் எழுதியிருப்பது குளிர்நாட்டு வீட்டுக்கு. கடலுக்கும் வாவிக்கும் நடுவில், மாரியில் சுவரே வியர்க்கிற நம்முடைய வீடுகளுக்கு அது போதாது.

ஒவ்வோர் அட்டையையும் தனித்தனி உறையில் போடுங்கள். உறை பொலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். தொட்டால் மெத்தென்று, புது மழைக்கோட்டு மணம் அடிக்கிற பிளாஸ்டிக் பீவீசியாக இருக்கலாம். அது நாளடைவில் படத்தில் ஒட்டி மையைத் தூக்கிவிடும், அதைத் தொடாதீர்கள். லெமினேற் செய்வது, செலோ டேப் ஒட்டுவது, ரப்பர் பேண்ட் போடுவது, பசை தடவி அல்பத்தில் ஒட்டுவது எல்லாம் கூடவே கூடாது. பசையைத் தேடி வெள்ளிப்பூச்சியும் வரும்.

உறைகளை நிமிர்த்தி, மூடியுள்ள ஒரு பெட்டியில் அடுக்குங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து உள்ளே போடலாம், ஆனால் அவை ஈரத்தைக் குடித்து முடித்ததும் சும்மாதான் கிடக்கும், அடிக்கடி மாற்றுங்கள். பெட்டியை அலுமாரியின் நடுத்தட்டுக்கு மேல் வையுங்கள். அடித்தட்டு வெள்ளத்துக்கு, ஓட்டுக்கு அருகிலுள்ள மேல்தட்டு ஒழுக்குக்கு. மழை அடிக்கிற வெளிச்சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்காமல் கையகல இடைவெளி விடுங்கள். மாரி மாதங்களில் பெட்டியைத் தேவையில்லாமல் திறக்காதீர்கள். தை பிறந்து காற்று உலர்ந்ததும் ஒரு காலையில் எல்லாவற்றையும் எடுத்து, நிழலில், மின்விசிறியின் மெல்லிய காற்றில் ஆறவிட்டு மறுகா அடுக்குங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் போய்விடும், அட்டையும் வளைந்துவிடும்.

ஓர் அட்டையில் பூஞ்சணம் கண்டால் முதலில் அதை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் பரவும். நிழலில் நன்றாக உலர்த்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியில் வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். கறை நின்றுவிட்டால் நிற்கட்டும்.

குறிப்பு எழுதுங்கள்

ஒரு சீஆர் கொப்பி போதும். கதை, நாடு, ஓவியர், அச்சிட்டவர், பின்பக்க வகை, எங்கே யாரிடம் வாங்கியது, என்ன விலை. அட்டையிலேயே ஏதாவது குறிக்க வேண்டுமென்றால் 2பி பென்சிலால், பின்பக்க மூலையில், அழுத்தாமல் இலக்கம் மட்டும் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர் அந்தக் கதையைச் சொல்லும் விதத்தையும் கொப்பியில் பதியுங்கள். ஒரே ஆமைக்கு அன்னம் என்பார் ஒருவர், கொக்கு என்பார் இன்னொருவர். அதை அச்சிலுள்ள எந்தப் பட்டியலிலும் தேடி எடுக்க முடியாது.

கொடுத்து வாங்குவது

போஸ்ட்குரொஸிங் என்ற இணையவழி ஏற்பாடு 2005இல் போர்த்துக்கலில் தொடங்கியது. நீங்கள் முன்பின் தெரியாத ஒருவருக்கு அட்டை அனுப்பினால், வேறொரு தெரியாதவரிடமிருந்து உங்களுக்கு ஒன்று வரும். உங்கள் அறிமுகத்தில் எந்தக் கதை அட்டை பிடிக்கும் என்று தெளிவாக எழுதி வையுங்கள், கொடுத்தே ஆக வேண்டும் என்ற தொனி மட்டும் வேண்டாம். நீங்கள் அனுப்புகிற அட்டையை வீட்டிலேயே செய்யலாம். வடை கவ்விய காகத்தைப் பிள்ளையிடம் வரையக் கொடுங்கள். அப்படியோர் அட்டையை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஆசையோடு வைத்துக்கொள்வார், ஏனென்றால் அவருடைய பெட்டியில் இருப்பதெல்லாம் சீஸ். ஊர் அச்சகத்தில் அடிப்பதென்றால் ஏ6 அளவு, 300 கிராம் மட்டை, எழுதும் பக்கம் பளபளப்பில்லாமல் என்று சொல்லுங்கள். பளபளப்பில் மை காயாது, தபாற் குறியும் பிடிக்காது.

வெளிநாட்டு அட்டைக் கட்டணம் மாறிக்கொண்டிருக்கும், அனுப்புமுன் தபால் கந்தோரில் கேட்டு முத்திரை வாங்குங்கள். முடிந்தால் கவுண்டரில் கொடுத்துக் கண்முன்னே தெளிவாகக் குத்தச் சொல்லுங்கள். பதில் அட்டை வர வேண்டிய உங்கள் விலாசத்தில் தபால் குறியீட்டை விடாதீர்கள். மட்டக்களப்புக்கு 30000, கல்முனைக்கு 32300, அம்பாறைக்கு 32000. உங்கள் பகுதித் தபாற்காரரிடம் அட்டை சேர்ப்பதைச் சொல்லி வையுங்கள். வாசற்கம்பியில் செருகாமல், மழை நாளில் கையிலேயே தந்துவிட்டுப் போவார்.